ஆறு பேருக்கு ஒரு புத்தகம்

மில்லில் சம்பளம் போட்ட அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பட்ஜெட் கூட்டம் நடக்கும். அப்பா கவரை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். அம்மா ரூபாய்த் தாள்களைப் பாயில் பரப்பி அரிசிக்கு, மளிகைக்கு, வாடகைக்கு, சீட்டுக்கு, ஆச்சியின் வெற்றிலை பாக்குக்கு என்று கூறு போடுவாள். எல்லாம் முடிந்த பிறகு ஓர் ஐந்து ரூபாய்த் தாள் தனியாக முருகன் படத்துக்குப் பின்னால் செருகப்படும். அதுதான் புத்தகக் காசு. தீபாவளி மாதத்திலும் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்திலும் அந்தத் தாள் இரண்டு ரூபாயாகச் சுருங்கியதுண்டு. ஒரேயடியாக இல்லாமல் போனதில்லை.

அப்பா, அம்மா, ஆச்சி, அக்கா, நான், தம்பி என்று ஆறு பேர். ஆளுக்கொரு ருசி. ஐந்து ரூபாய்க்கு இரண்டு பத்திரிகை வாங்கலாம், சில்லறை மிஞ்சினால் ஒரு காமிக்ஸ். ஆக, எதை வாங்குவது என்பதில் மாதாமாதம் ஒரு வழக்கு நடந்தே தீரும். அந்த வழக்குகளில்தான் நான் வாசிக்கக் கற்றுக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. பள்ளிக்கூடம் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தது. ஒரு புத்தகம் எனக்கு ஏன் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொடுத்தது வீடு.

ஊர் கோவில்பட்டி. கரிசல் பூமி. ஒரு பக்கம் பஞ்சாலை, இன்னொரு பக்கம் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் மில்லுக்குப் போவார்கள், பெண்கள் வீட்டிலிருந்தபடியே பெட்டி ஒட்டுவார்கள். எங்கள் வீடும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். தீப்பெட்டி ஆபீசிலிருந்து சக்கையும் நீலத்தாளும் வந்து இறங்கும். அம்மா மைதா மாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவாள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்த விஷம். "கையக் கழுவாம வாயில வைக்காதீக" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். மேல்பெட்டி ஒரு குவியல், அடிப்பெட்டி ஒரு குவியல். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கணக்கெல்லாம் குரோஸில்தான்.

புத்தகம் கிடைக்கும் இடம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த கடைகள். சணல் கயிற்றில் கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் அதிர்ஷ்டம், நாங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கும் வயதுக்கு வந்த நேரம் தமிழில் சிறுவர் பத்திரிகைகள் கொழித்துக் கிடந்தன. அம்புலிமாமா 1947ஆம் ஆண்டு முதலே வந்துகொண்டிருந்தது. கல்கி குழுமத்தின் கோகுலம் 1972இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் பக்கத்துச் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோடு கிளம்பியது. அப்புறம் 1984 வந்தது. அந்த ஒரே ஆண்டில் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், பூந்தளிர் மூன்றும் கடைக் கயிற்றில் ஏறின. கையில் அதே ஐந்து ரூபாய். கயிற்றில் மட்டும் இடமில்லை. சண்டை வராமல் என்ன செய்யும்?

சண்டையைத் தீர்க்க அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளாளுக்குத் தனக்கு வேண்டியது எது, ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். தீர்ப்பு ஆச்சியுடையது. ஆச்சிக்கு ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. "அதனாலதான் அவ பாரபட்சம் பாக்க மாட்டா" என்றார் அப்பா. இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. "நல்லா இருக்கும்", "எல்லாரும் வாங்குதாங்க" என்ற இரண்டு பதில்களும் செல்லாது. என்ன நல்லா இருக்கும், அதைச் சொல்லு என்பாள் ஆச்சி, வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி.

தம்பிக்கு இரும்புக்கை மாயாவிதான் உயிர். அவன் எழுந்து நின்று வாதாடுவான். "ஆச்சி, அவனுக்கு ஒரு கை இரும்பு. கரண்டத் தொட்டான்னா ஆளு மறைஞ்சிருவான். அந்தக் கை மட்டும் தனியா அந்தரத்துல போவும்."

"கரண்டத் தொட்டா ஆளு செத்துல்ல போவான்?"

"இவன் சாக மாட்டான்."

"அதான் ஏன்னு கேக்கேன்."

தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த மாதம் வழக்கு தள்ளுபடி. ஆனால் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. தெருவில் ஒயர்மேன் கம்பம் ஏறினால் கீழே போய் நின்றுகொள்வான். குருவி ஏன் கம்பியில் உட்கார்ந்தும் சாகவில்லை என்று கேட்டு அவரைத் துளைப்பான். அடுத்த மாதம் பாதிப் பதிலோடு வந்தான். ஆச்சி மனமிரங்கிக் காமிக்ஸ் வாங்க உத்தரவு போட்டாள்.

அக்கா கோகுலம் கட்சி. அவளுடைய வாதம் எப்போதும் சுருக்கமாக இருக்கும். "இதுல நம்மள மாதிரிப் பிள்ளைக எழுதுனது வரும். நாளைக்கு நான் எழுதுனதும் வரும்." அப்போது கோகுலத்தின் ஆசிரியர் அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் 1922இல் பிறந்தவர். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதிக் குவித்தவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியவர். 1983 முதல் கோகுலத்தைப் பார்த்துக்கொண்டார். அக்காவைப் பொறுத்தவரை அவர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அவளுடைய தபால் அட்டைக்காகக் காத்திருக்கும் ஒரு தாத்தா. அவள் எழுதிப் போட்டது எதுவும் அச்சில் வரவில்லை. அதற்காக அவள் தளரவும் இல்லை. 1989 மார்ச்சில் வள்ளியப்பா மறைந்த செய்தி வந்தபோது, ஒருமுறைகூடப் பார்த்திராத அவருக்காக அக்கா அன்று சாப்பிடாமல் கிடந்தாள். அம்மாவும் அவளை வற்புறுத்தவில்லை.

நான் அம்புலிமாமா கட்சி. இதில் ஆச்சியின் ஓட்டு எனக்குத்தான் என்பது ஊரறிந்த ரகசியம். ராஜாவும் மந்திரியும் காடும் முனிவரும் இருந்தால் அவளுக்குப் போதும். வாசிக்கத் தெரியாவிட்டாலும் படங்களை வைத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடுவாள். தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடந்து வரும் அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2020இல் மறைந்தார். அந்தப் படம் வந்த பக்கத்தை ஆச்சி விரலால் தடவிப் பார்ப்பாள். "சவத்தத் தூக்கிட்டுப் போறானே, ஒரு பயம் இருக்கா மூஞ்சியில, பாரு" என்பாள்.

புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டால் அது யாருக்கும் சொந்தமில்லை. வழக்கில் ஜெயித்தவருக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, முதலில் வாசிக்கலாம். அதுவும் சத்தம்போட்டு வாசிக்க வேண்டும். ஏனென்றால் மற்ற எல்லார் கையிலும் பசை. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு குண்டு பல்பின் அடியில் வட்டமாக உட்கார்ந்து பெட்டி ஒட்டுவோம். வாசிப்பவருக்கு மட்டும் அன்றைக்கு ஒட்டுவதிலிருந்து விடுதலை. அந்த விடுதலைக்காகவே நான் நன்றாக வாசிக்கப் பழகினேன். திக்கினால், விழுங்கினால், "ஏட்டி, அங்க என்னமோ முழுங்கிட்ட, திருப்பிப் படி" என்று அம்மா குரல் கொடுப்பாள். ராஜா பேசினால் ராஜா மாதிரி பேச வேண்டும். ராட்சசி சிரித்தால் சிரிக்க வேண்டும். மொணமொணவென்று வாசித்தால் வேலை மாறிவிடும், கையில் பசைத் தட்டு வந்துவிடும்.

வேதாளக் கதை வாசிப்பதற்குத் தனிச் சட்டம். வேதாளம் கதையைச் சொல்லி முடித்துவிட்டு விக்கிரமனிடம் கேள்வி கேட்கும் இடத்தில் நான் நிறுத்திவிட வேண்டும். புத்தகத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றி இருக்கும் அத்தனை பேரும் தங்கள் தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். மூன்று பேரில் யார் செய்தது உயர்ந்த தியாகம், ராஜா செய்தது நியாயமா என்றெல்லாம் பெரிய விவாதம் நடக்கும். பேச்சு நீண்டாலும் யாருடைய கையும் நிற்காது. பக்கத்து வீட்டு மதினி இதற்காகவே தன் சக்கையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். விக்கிரமன் சொன்ன பதிலும் ஆச்சி சொன்ன பதிலும் வேறுவேறாக இருந்தால் ஆச்சி அசர மாட்டாள். "அவன் ராசா, அவன் புத்தி அப்பிடித்தான் போகும். சம்சாரி வீட்டுல கேட்டா வேற சொல்லுவான்" என்பாள்.

அச்சில் வந்த பதிலையும் மறுக்கலாம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். பாடப் புத்தகத்தில் கேள்விக்குப் பதில் ஒன்றுதான், அதைத் தவிர வேறு எழுதினால் முட்டை. வீட்டில் ஒரு கேள்விக்கு ஐந்து பதில்கள், ஐந்துக்கும் ஆள் இருந்தது.

சில நாட்களில் வாசிப்பு பாதியில் நின்று ஆச்சியின் கதை தொடங்கிவிடும். "இதத்தான் எங்க ஊர்ல வேற மாதிரி சொல்லுவாக" என்று ஆரம்பித்தால் அன்றைக்குப் பத்திரிகை அம்போ. ராஜகுமாரி எங்கள் பக்கத்துச் சம்சாரி மகளாகிவிடுவாள். ராட்சசன் கண்மாய்க்கரைப் பனைமரத்தில் குடியேறிவிடுவான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இடைசெவலில்தான் கி. ராஜநாராயணன் இந்த மாதிரிக் கதைகளை வாய்ச்சொல்லிலிருந்து ஏட்டுக்குக் கொண்டுவந்தார். அது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியும். அவருடைய நாட்டுப்புறக் கதைகளைப் பெரியவளானதும் வாசித்தபோது, இதில் பாதி எங்கள் ஆச்சிக்குப் பாத்தியப்பட்டது என்று உரிமை கொண்டாடத் தோன்றியது.

பூந்தளிர் வந்த பிறகு வழக்குகளின் போக்கு மாறியது. அது எல்லாருக்கும் பிடித்துத் தொலைத்தது. கபீஷ் குரங்கின் வாலுக்கும் காக்கை காளிக்கும் தம்பி ரசிகன். வேட்டைக்கார வேம்புவின் அசட்டுத் தைரியத்துக்கு அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுக்கும் சுப்பாண்டியைப் பார்த்து, "இவன் நம்ம பக்கத்துப் பயலால்லடா இருக்கான்" என்றாள் ஆச்சி. அவள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். சுப்பாண்டி 1983இல் டிங்கிள் பத்திரிகையில் முதலில் தோன்றியது திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய கதைகளிலிருந்துதான்.

பூந்தளிரின் ஆசிரியர் வாண்டுமாமா. அவரால் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கண்டுபிடிப்பு நடந்தது. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தொடர்கதைப் பைத்தியம். கௌசிகன் என்ற பெயரில் வந்த கதைகளை விரும்பி வாசித்தவள். அந்தக் கௌசிகனும் எங்கள் வாண்டுமாமாவும் ஒரே ஆள்தான், இரண்டு பெயர்களுக்கும் உரியவர் வி. கிருஷ்ணமூர்த்தி என்பவர் என்று நூலகர் ஒருநாள் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா ஓடி வந்து சொன்னபோது அம்மா பசைக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள். தன் எழுத்தாளரும் தன் பிள்ளைகளின் எழுத்தாளரும் ஒருவரே என்பதில் அவளுக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. அன்றிலிருந்து பூந்தளிரில் வாண்டுமாமா எழுதிய பக்கங்களை அம்மாவே வாசித்துக் காட்டுவாள். பெட்டி ஒட்டுவதை அம்மா நிறுத்தியது அதற்கு மட்டும்தான்.

இதெல்லாம் ஐந்து ரூபாய்க் கணக்கு. இதற்கு வெளியே அப்பாவுக்கு ஒரு தனிக் கணக்கு இருந்தது. எங்கள் ஊரில் தொழிற்சங்கங்களுக்குக் குறைவில்லை. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் வேனில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கண்காட்சி நடத்துவார்கள். எங்கள் ஊருக்கு அந்த வேன் வந்தால் அப்பா ஷிப்ட் முடிந்து நேரே அங்கேதான் போவார். சோவியத் நாட்டில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று பெயர்கள். கெட்டி அட்டை, வழவழ தாள், வண்ணப் படங்கள், அதற்குச் சம்பந்தமே இல்லாத மலிவு விலை. பெரிய புத்தகம் ஒன்று தனக்கு, சின்னது ஒன்று எங்களுக்கு என்று வாங்குவார். இதில் வழக்கு கிடையாது, ஆனால் எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். படத்தைப் பார்த்து நாங்கள் கைநீட்டுவதைத்தான் வாங்குவார்.

அப்படி நாங்கள் கைநீட்டி வாங்கிய ஒன்றுதான் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. தமிழில் தந்தவர் நா. முகம்மது செரீபு. ரஸ்கினின் மகளுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். வலியில் படுத்திருக்கும் அந்தப் பெண் கதை கேட்பாள். அப்பா தன் சின்ன வயது அசட்டுத்தனங்களைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அப்படிச் சொன்னவற்றின் தொகுப்புதான் அந்தப் புத்தகம். ஆசையாக வாங்கித் தந்த பந்தைக் கார்ச் சக்கரத்துக்கு அடியில் எறிந்தது, நாயைப் பழக்கப்போய்க் கடிபட்டது, பெரியவனானால் என்ன வேலைக்குப் போவது என்று தினம் ஒரு முடிவெடுத்தது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறும்பு.

அதைச் சத்தமாக வாசித்து முடித்த ராத்திரி தம்பி சும்மா இருக்காமல், "நீங்க சின்னப் பையனா இருந்தப்ப என்னப்பா செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டான். அப்பா அதிகம் பேசாதவர். மில் இரைச்சலிலேயே நின்று வேலை பார்த்தவருக்கு வீட்டில் மௌனம்தான் ஓய்வு. அன்றைக்கு என்ன தோன்றியதோ, பேச ஆரம்பித்தார். பருத்தி வெடிக்கும் காலத்தில் மடி நிறையப் பருத்தியைத் திருடிக்கொண்டு போய்க் கடையில் போட்டுச் சீனிமிட்டாய் வாங்கியது. பிஞ்சைக்காரர் துரத்தியதில் கிணற்றுக்குள் குதித்து, நீச்சல் தெரியாமல் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க ஆசைப்பட்டு, தாத்தா கையில் காசில்லாததால் மாடு மேய்க்கப் போனது. மாடு மேய்க்கையில் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தை எல்லாம் விரித்து வைத்து வாசித்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் பாதியில் நின்றுபோன கதைக்கு அவரே முடிவு யோசித்துக்கொண்டு திரிந்தது.

மாஸ்கோவில் ஒரு தகப்பன் தன் மகளுக்குச் சொன்ன கதை, கோவில்பட்டியில் ஒரு மில் தொழிலாளியின் வாயைத் திறந்துவிட்டது. சோவியத் இலக்கியத்தின் சாதனைகளைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதன் சாதனை இதுதான். மாதத்தின் கடைசி ரூபாயைக்கூட எடுத்துப் புத்தகத்துக்கென்று செருகி வைக்க அப்பா ஏன் சம்மதித்தார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வாங்க முடியாதவற்றுக்கு நூலகம் இருந்தது. கிளை நூலகத்தில் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே கார்டு, அக்கா பெயரில். எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று அங்கே மேஜையடியில் கிசுகிசுவென்று ஒரு குட்டி வழக்கு நடக்கும். வெளியே கொடுக்காத புத்தகங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தது பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம். 1968 தொடங்கி 1976 வரை வெளிவந்த பத்துத் தொகுதிகள். தூக்கினால் கை வலிக்கும். தம்பி நேராக மின்சாரம் இருக்கும் தொகுதிக்குப் போவான். ஆச்சி போட்ட கேள்வி இன்னும் அவனைத் துரத்திக்கொண்டிருந்தது. வேனில் வந்த யா. பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' கைக்கு வந்தபோது அவனுக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே தூங்குவான். பின்னாளில் அவன் எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்து மின்வாரியத்தில் வேலைக்குப் போனதற்கு இரும்புக்கை மாயாவியும் ஒரு காரணம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு அது தெரியும்.

காமிக்ஸ் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் அப்போது நிறையப் பேர். தம்பியின் வகுப்பு வாத்தியார் ஒருவர், பாடப் புத்தகத்துக்குள் வைத்து அவன் வாசித்த லயன் காமிக்ஸைப் பிடுங்கிக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். அவன் அழுதுகொண்டே துண்டுகளைப் பொறுக்கி வந்தான். வகுப்பில் வாசித்தது தப்பு என்று அப்பா அவனைக் கண்டித்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போய், "புத்தகத்தக் கிழிக்கப் பிடாது சார், என்கிட்டக் குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். குரலை உயர்த்தவில்லை. ராத்திரி அம்மா பெட்டி ஒட்டும் பசையால் அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டினாள். ஒட்டும்போதே கதையும் அவளைப் பிடித்துக்கொண்டது. "இதுக்கு அடுத்த பக்கம் எங்கடா?" என்று தேடச் சொன்னாள்.

மாதங்கள் சேரச் சேரப் பத்திரிகைகளும் சேர்ந்தன. பழைய பேப்பர் கடைக்குப் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பரீட்சை லீவில் பைண்டிங் வேலை நடக்கும். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாக அடுக்கிக் கோணி ஊசியால் துளை போட்டுச் சணலால் தைப்போம். அட்டைக்குத் தீப்பெட்டிப் பெட்டியின் கெட்டிக் காகிதம். அதன் மேல் ஒட்ட, பிரஸ்ஸில் கழித்துப் போட்ட லேபிள் தாள். மயிலும் புலியும் கப்பலுமாக வரிசை வரிசையாக அச்சான தாள்கள். எங்கள் புத்தகங்கள் எல்லாம் ராட்சசத் தீப்பெட்டிகள் மாதிரி அலமாரியில் நிற்கும்.

அந்த அலமாரிக்குத் தெரு முழுக்க வாடிக்கையாளர்கள். கடைவீதியில் இருந்த வாடகை நூல் நிலையத்தில் நாள் கணக்கில் காசு வாங்குவார்கள். எங்களிடம் காசில்லை, மாற்று. ஒரு புத்தகம் கொண்டுவந்தால் ஒன்று எடுத்துப் போகலாம். கொடுக்க ஒன்றுமில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி வந்தபோது, அதற்கும் ஆச்சிதான் வழி சொன்னாள். "வாசிச்சிட்டு வந்து எனக்குக் கதை சொல்லட்டும். அதுதான் வாடகை." திண்ணையில் ஆச்சிக்குக் கதை சொல்ல வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இருந்தார்கள். புத்தகத்தை வாசிக்காமல் வந்து கதை விட்டவர்களை முதல் இரண்டு கேள்வியிலேயே பிடித்துவிடுவாள். நன்றாகப் புளுகியவர்களுக்கு அடுத்த புத்தகமும் கிடைக்கும். அதுவும் ஒரு திறமைதானே என்பாள்.

அந்தக் காலம் மெல்ல மெல்லக் கலைந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததோடு வழவழ தாள் புத்தகங்களின் வரத்து நின்றது. ராணி காமிக்ஸ் 2005இல் ஓய்ந்தது. கோகுலத்தின் அச்சு இதழ் 2020இல் நின்றுபோனது. ஆனால் எல்லாம் போய்விட்டது என்று புலம்ப நான் தயாரில்லை. அறிவியல் இயக்கத்தார் 1987இல் தொடங்கிய துளிர் இன்னும் வருகிறது. தூளிகாவும் பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரனும் எங்கள் காலத்தில் கனவிலும் காணாத படப் புத்தகங்களைத் தருகிறார்கள். டோட்டோ-சான் தமிழில் கிடைக்கிறது. சிவகாசியிலிருந்து முத்துவும் லயனும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, தம்பி இன்னும் சந்தாதாரர். 'அப்பா சிறுவனாக இருந்தபோது' மறுபதிப்பு வந்தபோது மூன்று பிரதிகள் வாங்கி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம்.

குறை புத்தகத்தில் இல்லை, வாங்கும் விதத்தில் இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஆண்டுதோறும் போகிறேன். சிறுவர் நூல் அரங்குகளில் நின்று வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். பிள்ளை ஓடிப்போய் ஒரு பேய்க்கதையையோ காமிக்ஸையோ எடுக்கும். அப்பா அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, பொது அறிவுக் கேள்வி பதில் புத்தகத்தைக் கையில் திணிப்பார். "இது எதுக்கு? இதுல என்ன இருக்கு?" என்று ஒரு கேள்வி. கேள்வி சரியான கேள்விதான். ஆச்சி கேட்டதும் அதையேதான். ஆச்சி பதிலுக்காகக் காத்திருந்தாள், இவர்கள் காத்திருப்பதில்லை. அந்தப் பிள்ளை அரை நிமிஷம் கிடைத்தால் சொல்லிவிடும், அந்தப் பேய் ஏன் அவ்வளவு முக்கியம் என்று.

என் பிள்ளைகளுக்குக் காசுக்குப் பஞ்சமில்லை. கேட்ட புத்தகத்தையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட முடியும். ஆனாலும் மாதத்துக்கு இன்னது என்று ஒரு தொகை, அதற்குள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்ய வேண்டும், வாங்கியதை வீட்டில் எல்லாரும் கேட்கச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அவர்கள் எடுக்கும் புத்தகங்களில் பாதி எனக்குப் பிடிப்பதில்லை. டைனோசர் பெயர்களை வாசித்து வாசித்து நாக்குச் சுளுக்கிக்கொள்கிறது. இருந்தாலும் உட்கார்ந்து கேட்கிறேன். எனக்குப் பிடிக்காததை அவர்கள் எதற்காக விரும்புகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்பது, நானாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பத்துப் புத்தகங்களைவிட அவர்களை எனக்கு நன்றாகக் காட்டுகிறது.

எனவே, அடுத்த முறை பிள்ளையோடு புத்தகக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எது வேண்டும் என்பதை அது சொல்லட்டும், ஏன் வேண்டும் என்பதை நீங்கள் கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு நீங்கள் போனை எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட உட்கார்ந்து வாசியுங்கள். வாசிக்க நேரமில்லை என்றால், கையில் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் அம்மா எல்லாப் புத்தகத்தையும் அப்படித்தான் முடித்தாள்.